மான்கொம்புப் பவளம்: ஒடித்து நட்டால் வளர்வது ஏன் அழிகிறது?

கேள்வியை ஒருமுறை எடுத்துச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கும் புரியும். கரீபியன் கடலின் மான்கொம்புப் பவளத்தைப் பற்றி ஒரு ஆவணப்படம் பார்த்திருக்கிறீர்கள். "முருங்கைப் போத்து மாதிரி ஒடித்து நட்டாலே வளர்கிறது, வேகமாகவும் வளர்கிறது. அப்படிப்பட்டது எப்படி அழியும் நிலைக்குப் போகும்? நட்டுக்கொண்டே இருந்தால் தீராதா? தீராவிட்டாலும் மற்ற பவளங்கள் இருக்கின்றனவே, என்ன நஷ்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உண்மையில் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவு எளிதாகப் பெருகுகிற ஒரு உயிர் எந்த இடத்தில் தோற்கிறது? என் பதில் இது. உடைந்து பெருகுவது புயலைச் சமாளிக்க அந்தப் பவளம் கற்றுக்கொண்ட வழி. நோயையும் கடல் வெப்பத்தையும் அந்த வழியால் சமாளிக்க முடியாது. நாம் நடுவதும் அதே வழியைத்தான் கையால் செய்கிறோம். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நான் மன்னார் வளைகுடாவில் பல ஆண்டுகள் பவளங்களோடு வேலை பார்த்தவன். அங்கே இருப்பதும் இதே அக்ரோபோரா பேரினம்தான், ஆனால் இனங்கள் வேறு. கரீபியன் பவளத்தைப் பற்றி நான் சொல்வது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. வளர்வது, உண்பது, முட்டையிடுவது எல்லாம் பேரினம் முழுக்க ஏறக்குறைய ஒன்றே என்பதால் அந்தப் பகுதியைத் தயங்காமல் சொல்வேன். அங்கே என்ன நடந்தது என்ற பகுதியில், ஆய்வாளர்கள் ஒத்துப்போகிற இடத்தையும் இன்னும் வாதாடுகிற இடத்தையும் பிரித்துச் சொல்கிறேன்.

இந்தப் பவளத்தின் அறிவியல் பெயர் அக்ரோபோரா செர்விகார்னிஸ். 1816இல் லாமார்க் வைத்த பெயர். ஃபுளோரிடா, பஹாமாஸ், ஜமைக்கா, பெலீஸ், பனாமா என்று கரீபியன் கடலையும் அதை ஒட்டிய பகுதிகளையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. விரல் தடிமனுள்ள உருளையான கிளைகள், ஒன்றின் பக்கத்திலிருந்து இன்னொன்று கிளைத்து, நல்ல இடமாக இருந்தால் ஆள் உயரத்துக்குப் புதராக நிற்கும். நாம் ஒரு கிளை என்று பார்ப்பது பாலிப் என்ற சின்னஞ்சிறு விலங்குகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த குடியிருப்பு. ஒவ்வொரு பாலிப்பும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். தனக்கென்று ஒரு சின்னச் சுண்ணாம்புக் குழாயில் உட்கார்ந்திருக்கும். இரவில் கைகளை நீட்டி நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். எல்லாவற்றையும் மெல்லிய திசு ஒன்று இணைக்கிறது, ஆகவே ஒன்று தின்றதில் மற்றதற்கும் பங்கு உண்டு. உயிர் இருப்பது வெளிப்புறத்து மெல்லிய அடுக்கில் மட்டும்தான். உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அக்ரோபோராவை மற்ற பவளங்களிலிருந்து பிரிப்பது கிளை நுனியில் இருக்கும் ஒரே ஒரு பாலிப். கிளையை நீட்டுவது அதன் வேலை. அது மேலே போகப் போக, பக்கவாட்டில் மற்ற பாலிப்புகள் மொட்டுவிடும். படத்தில் கிளை நுனிகள் வெள்ளையாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். பலர் அதை நோய் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆரோக்கியமாக வளர்வதன் அடையாளம். பவளத்தின் பழுப்பு நிறம் அதன் திசுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசியால் வருவது. நுனி மிக வேகமாக நீள்வதால் அங்கே பாசி இன்னும் குடியேறியிருக்காது. அந்த நுனிக்கு வேண்டிய உணவு கீழே உள்ள பழுப்புப் பகுதியிலிருந்து மேலே போகிறது. பாசி ஒளிச்சேர்க்கை செய்து உண்டாக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுத்துவிடும். பவளத்தின் சக்தித் தேவையில் பெரும்பங்கு அதில்தான் நிறைகிறது. பதிலுக்குப் பவளம் தன் கழிவிலிருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பாசிக்குக் கொடுக்கிறது. சத்துக் குறைந்த, கண்ணாடி போல் தெளிந்த வெப்பக் கடலில் இவ்வளவு உயிர்கள் வாழ இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் காரணம். 1950களில் ஜமைக்காவில் தாமஸ் கோரோ கதிரியக்கக் கால்சியத்தை வைத்து அளந்து, வெளிச்சத்தில் பவளம் சுண்ணாம்பைப் படியவைக்கும் வேகம் இருட்டில் இருப்பதைவிட அதிகம் என்று காட்டினார். பாசி இல்லாமல் பவளம் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கலாம், பாறை கட்ட முடியாது.

மான்கொம்புப் பவளத்தின் கிளை வருஷத்துக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை நீளும். உருண்டைப் பவளங்களில் பல வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. ஒவ்வொரு கிளையும் புதுக்கிளை விடுவதால் மொத்த வளர்ச்சி இன்னும் பெரிது. வேகம் இலவசமாகக் கிடைப்பதில்லை. முதலில் இடைவெளி நிறைந்த லேசான சட்டகம்தான் நீள்கிறது. பிறகுதான் அது மெல்ல மெல்லக் கெட்டிப்படுகிறது. அதனால் கிளை நீளம், ஆனால் பலமில்லை. அடியில் செத்துப்போன பகுதியைக் கடற்பஞ்சுகளும் புழுக்களும் துளைபோட்டு இன்னும் வலுவிழக்கச் செய்யும். ஒரு பெரிய அலை வந்தால் ஒடிந்துவிடும்.

அந்த ஒடிதல்தான் இதன் முக்கியமான இனப்பெருக்கம். நீங்கள் சொன்ன முருங்கைப் போத்து உவமை இங்கே மிகச் சரியாகப் பொருந்துகிறது. ஒடிந்த துண்டு அசையாமல் ஒரு இடத்தில் கிடந்தால், பாறையைத் தொடும் இடத்தில் திசு பரவிப் பற்றிக்கொள்ளும், காயம் ஆறும், மேல்பக்கம் புது நுனிகள் கிளம்பும். எல்லாத் துண்டும் பிழைப்பதில்லை. பெரிய துண்டுக்கு வாய்ப்பு அதிகம். மணலில் விழுந்து புரண்டுகொண்டே இருந்தால் செத்துவிடும். பழைய கிளைகள் குவிந்து கிடக்கும் இடத்தில் சிக்கினால் தப்பிக்கும். அருகருகே விழுந்த துண்டுகள் ஒரே தாய்ப்பவளத்தின் துண்டுகளாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டி மீண்டும் ஒரே குடியிருப்பாகிவிடும். வேறு தாயின் துண்டு என்றால் ஒட்டாது. ஆக ஒரு பெரிய புதரே மரபளவில் ஒரே ஒரு தனியுயிராக இருக்கலாம். இதன் நெருங்கிய உறவான, அகலமான தட்டைக் கிளைகள் கொண்ட அக்ரோபோரா பால்மேட்டாவில் இப்படித் துண்டு துண்டாகவே நீண்டு வந்த சில மரபுவழிகளுக்குப் பல ஆயிரம் ஆண்டு வயது இருக்கும் என்று மரபணு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

சரி, அப்படியே போனால் போதாதா என்றால், போதாது. ஒரு தாயின் துண்டுகள் எல்லாம் மரபளவில் ஒன்றே. தாய்க்குத் தாங்காத நோய் துண்டுக்கும் தாங்காது, தாய்க்குத் தாங்காத வெப்பம் துண்டுக்கும் தாங்காது. புதிய மரபுச் சேர்க்கைகள் வர வேண்டுமென்றால் முட்டையும் விந்தும் சேர வேண்டும். மான்கொம்புப் பவளம் அதையும் செய்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை. பெரும்பாலும் ஆகஸ்ட் மாதப் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில், சூரியன் மறைந்து சில மணி நேரத்துக்குள், ஒவ்வொரு பாலிப்பும் முட்டையும் விந்தும் சேர்ந்த ஒரு சின்னப் பொட்டலத்தை வெளியே விடும். அது மேலே மிதந்து வந்து உடையும். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருந்தாலும், தன் முட்டையைத் தன் விந்தாலேயே கருவாக்கிக்கொள்வது மிக அரிது. பக்கத்தில் வேறு மரபுள்ள பவளம் இருந்து, அதுவும் அதே இரவில் அதே நேரத்தில் விட்டிருக்க வேண்டும். கரு உருவானால் குடம்பி, அதாவது நீந்தும் குஞ்சு, சில நாள் மிதந்து, இளஞ்சிவப்பாகப் பாறையில் படிந்திருக்கும் சுண்ணாம்புப் பாசியின் வாசனையைப் பிடித்து இறங்கும். பாறை முழுக்க முடி போன்ற பாசி மண்டிக் கிடந்தால் அதற்கு இறங்க இடமில்லை.

இங்கேதான் எண்ணிக்கை பற்றிய நம் கணக்கு ஏமாற்றுகிறது. ஒரு விரிகுடாவில் நூறு புதர்கள் இருந்து, எல்லாம் ஒரே தாயின் துண்டுகளாக இருந்தால், அங்கே ஆகஸ்ட் இரவில் கோடிக்கணக்கான முட்டை வெளிவந்தும் அநேகமாக ஒரு குஞ்சும் பிறக்காது. கரீபியன் கடலில் புதிதாக முளைத்த அக்ரோபோராக் குஞ்சுகளைக் காண்பது மிக அரிது என்று களத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படம் எடுப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி: இது போனால் என்ன நஷ்டம்? மான்கொம்புப் புதர் ஒரு இடத்தைப் பல மடங்கு இடமாக்குகிறது. தட்டையான ஒரு சதுர மீட்டர் பாறையில் மீன்குஞ்சு ஒளிய இடமில்லை. அதே ஒரு சதுர மீட்டரில் புதர் இருந்தால், பெரிய மீன் நுழைய முடியாத சந்துகள் ஏராளம். கரீபியனில் கிரண்ட் என்ற மீனின் குஞ்சுகள் பகல் முழுக்கப் பவளக் கிளைகளுக்கு நடுவே கூட்டமாக நிற்கும். இருட்டியதும் கடற்புல் வெளிக்குப் போய் மேயும், விடியும்போது திரும்பி வரும். புல்வெளியில் தின்றதைப் பவளத்தின் மேல் கழிக்கும். அந்தக் கழிவு பவளத்துக்கு உரம். செயின்ட் குரோய் தீவில் 1980களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வில், மீன் கூட்டம் தங்கும் பவளங்கள் மீன் தங்காதவற்றைவிட வேகமாக வளர்ந்தன என்று அளந்து காட்டினார்கள். பவளம் மீனுக்கு வீடு என்று எல்லோரும் சொல்வோம். மீனும் அந்த வீட்டைக் கட்ட உதவுகிறது என்பது அதைவிட முக்கியமான செய்தி என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது வேலை, பாறையை உயர்த்துவது. பவளப்பாறையில் ஒரு பக்கம் கட்டுமானம், மறுபக்கம் அரிமானம். கிளிமீன் கொறிக்கிறது, கடல் முள்ளெலி சுரண்டுகிறது, கடற்பஞ்சு துளைக்கிறது. இவை எல்லாம் இயல்பானவை, கெட்டவை என்று நினைக்க வேண்டாம். கட்டுமானம் முந்தியிருக்கும் வரை பாறை உயரும். ஒடிந்து விழும் கிளைகள் இடுக்கை நிரப்ப, சுண்ணாம்புப் பாசி அவற்றைப் பூசி இறுக்க, அதன் மேல் அடுத்த தலைமுறை. கரீபியன் பாறைகளில் ஆழம் குறைந்த பகுதிகளை இப்படி உயர்த்தியவை பெரும்பாலும் இந்த இரண்டு அக்ரோபோரா இனங்கள்தான். அவை போனபின் அங்குள்ள பாறைகளில் சுண்ணாம்பு உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிட்டது, சில இடங்களில் அரிமானம் முந்திவிட்டது என்பதும் அளந்து சொன்னதுதான். கடல்மட்டம் உயரும் காலத்தில் பாறை உயராமல் நின்றால், அலை உடையும் இடம் கரைக்குப் பக்கத்தில் வரும்.

மற்ற பவளங்கள் இதைச் செய்யாதா? இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் நீங்கள் கேட்டது ஓரளவு நியாயமான கேள்வி. அங்கே அக்ரோபோராவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள். ஒன்று போனால் அதே வடிவமுள்ள இன்னொன்று வரலாம். கரீபியனில் இருப்பது செர்விகார்னிஸ், பால்மேட்டா என்ற இரண்டே இனம், அப்புறம் இந்த இரண்டும் கலந்து பிறந்த ஒரு கலப்பு. இவை விட்ட இடத்தில் வந்திருப்பவை இலை போன்ற அகரீசியாவும் மேடு போன்ற சிறிய போரைட்டிஸும். அவை உயிருள்ள பவளங்கள்தான், பரப்பளவுக் கணக்கில் சேரும். ஆனால் உயரமான புதரை அவை எழுப்புவதில்லை. கரீபியன் பாறைகள் தட்டையாகிக்கொண்டே வருகின்றன என்று பல பத்தாண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

எப்போது சரிந்தது என்பதற்கு வருகிறேன். பெலீஸ் நாட்டுக் கடலடியில் குழாய் இறக்கி எடுத்த படிவுகளைப் பார்த்தால், குறைந்தது 3,000 ஆண்டுகளாக அந்த இடத்தில் மான்கொம்புப் பவளமே அடுக்கடுக்காகக் கிடக்கிறது. எத்தனை புயல் வந்திருக்கும், எத்தனை முறை நொறுங்கியிருக்கும்! அத்தனைக்கும் பின் அதே பவளம் திரும்பி வந்திருக்கிறது. 1980களில்தான் அந்த அடுக்கு நின்று அகரீசியாவின் அடுக்கு தொடங்குகிறது. இந்தப் பவளத்தைப் பற்றி யாராவது ஒரே ஒரு ஆதாரம் கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

காரணம் வெள்ளைப்பட்டை நோய். 1970களின் பிற்பகுதியில் செயின்ட் குரோயில் முதலில் கவனிக்கப்பட்டது. அடியிலிருந்து நுனி நோக்கித் திசு உரிந்துகொண்டே போகும். உரிந்த இடம் வெள்ளைப் பட்டையாகத் தெரியும், பின்னால் பாசி ஏறும். சில ஆண்டுகளில் கரீபியன் முழுக்கப் பரவி, பல இடங்களில் இந்தப் பவளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கொண்டுபோய்விட்டது. அதே காலத்தில் 1980இல் ஆலன் புயல் ஜமைக்காவைத் தாக்கியது. டிஸ்கவரி பே பகுதியில் மான்கொம்புப் புதர்கள் தூள்தூளாயின. பழைய கணக்குப்படி அந்தத் துண்டுகள் முளைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. புயலில் தப்பியவை அடுத்த சில மாதங்களில் செத்தன. புயல் நேரடியாகக் கொன்றதைவிட அதன்பின் செத்தது பல மடங்கு. திசுவைத் தின்னும் நத்தைகள் எண்ணிக்கையில் குறையவில்லை, தின்னும் பவளம்தான் குறைந்திருந்தது. ஆகவே மிஞ்சிய துண்டுகளில் அவை மொய்த்தன. டாம்செல் மீன்கள் பாசித் தோட்டம் போடுவதற்காகக் கிளையைக் கடித்துக் கடித்துக் கொன்றன. நோயும் சேர்ந்துகொண்டது. ஏராளமாக இருக்கும்போது உடைந்து பெருகலாம், அரிதாகிவிட்டால் உடைவதே ஆபத்து என்பதை ஆலன் புயலின் பின்விளைவு காட்டிவிட்டது.

1983இல் பனாமா அருகே தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் கரீபியன் முழுக்க டயடெமா என்ற நீள முள் கடல் முள்ளெலி செத்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் போயிற்று. ஏற்கெனவே பாசி தின்னும் மீன்களைப் பல தீவுகளில் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். பாசியை மேய்ந்துகொண்டிருந்த கடைசிக் கூட்டம் இந்த முள்ளெலிதான். அதுவும் போக, பாறையெல்லாம் பாசி. பவளக் குஞ்சு இறங்க இடமில்லாமல் போனது இப்படித்தான். 1970களில் கரீபியன் பாறைகளில் சராசரியாகப் பாதிப் பரப்பு உயிர்ப்பவளமாக இருந்தது, 2001 வாக்கில் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. 2006இல் அமெரிக்க அரசு மான்கொம்புப் பவளத்தை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகச் சட்டப்படி அறிவித்தது.

இதில் சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதியும் உண்டு. வெள்ளைப்பட்டை நோயைத் தருவது எந்த நுண்ணுயிர் என்பது இன்னும் முடிவாகவில்லை. எதிர்உயிரி மருந்து கொடுத்தால் நோய் நிற்கிறது, ஆகவே பாக்டீரியாவுக்குப் பங்கு இருக்கிறது. தொட்டாலும் பரவுகிறது, நத்தை வழியாகவும் பரவுகிறது. அதற்குமேல் ஒரே குற்றவாளியைச் சுட்டிக்காட்டும் கட்டுரைகளை நான் எச்சரிக்கையோடுதான் வாசிப்பேன். கழிவுநீரும் வெப்பமும் இந்த நோய்க்கு எவ்வளவு வழிவிட்டன என்பதிலும் கருத்து ஒன்றாக இல்லை. உறுதியாகத் தெரிந்த ஒரு நல்ல செய்தி: பனாமாவில் சோதித்த மரபுவகைகளில் சுமார் 6 சதவீதம் இந்த நோயை இயல்பாகவே எதிர்த்து நின்றன. நூறில் ஆறு என்பது குறைவுதான், ஆனால் அந்த ஆறும் மற்றவற்றோடு கலந்து குஞ்சு பொரித்தால்தான் அதற்குப் பயன்.

நோய்க்கு அடுத்தது வெப்பம். இன்றைக்கு இதுதான் பெரிது. கடல்நீர் அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, சில வாரம் அப்படியே நின்றால், பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி, பவளத் திசுவை அரிக்கும் வேதிப்பொருள்களை உண்டாக்கத் தொடங்கும். பவளம் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு தெரியும், வெளிறுதல் என்கிறோம். வெளிறிய பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும். இங்கேதான் நான் நினைவில் வைக்கச் சொன்ன மெல்லிய திசு வருகிறது. உருண்டைப் போரைட்டிஸின் திசு தடிமனானது, சேமிப்பும் அதிகம். அது பல வாரம் தாங்கும். அக்ரோபோரா சம்பாதிப்பதை எல்லாம் வளர்ச்சியில் போட்டுவிடுவதால் கையிருப்பு குறைவு. அதனால்தான் உலகில் எங்கே வெளிறினாலும் முதலில் சாகும் கூட்டத்தில் அக்ரோபோரா இருக்கும்.

2023 கோடையில் ஃபுளோரிடாவில் இது நடந்தது. அப்போது மனாட்டி பே என்ற இடத்தில் 38.4 டிகிரி பதிவானது என்று செய்தி பரவியது. அது கரையோரம் உள்ள ஆழமில்லாத, சேற்றடி விரிகுடா. பவளப்பாறையின் வெப்பமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பாறையில் அதைவிடப் பல டிகிரி குறைவுதான், ஆனாலும் அதுவே போதுமானதாக இருந்தது. சில இடங்களில் வெளிறக்கூட நேரமில்லாமல் திசு உரிந்து விழுந்தது. கடலடி நாற்றங்கால்களில் இருந்த பவளங்களை ஆயிரக்கணக்கில் தூக்கிக் கரையிலுள்ள தொட்டிகளுக்குக் கொண்டுபோனார்கள். 2025 அக்டோபரில் வெளிவந்த ஆய்வின்படி, ஃபுளோரிடா கீஸ், டிரை டோர்டுகாஸ் என்ற தென்கோடித் தீவுகளைச் சுற்றி இரண்டு அக்ரோபோரா இனங்களிலும் 97.8 முதல் 100 சதவீதம் வரை செத்தன. வடக்கே மயாமி பக்கம் நீர் சற்றுக் குளிர்ச்சி என்பதால் சாவு சுமார் 38 சதவீதத்தோடு நின்றது. ஒன்றிரண்டு மிச்சமிருந்தாலும், பாறை கட்டும் வேலையைச் செய்யும் அளவுக்கு ஃபுளோரிடாவில் இனி அவை இல்லை என்பது அந்த ஆய்வின் முடிவு. செத்தவற்றில் ஏராளமானவை நட்டு வளர்த்தவை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

அதற்காக நடுவது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கடலடியில் பிளாஸ்டிக் குழாயால் மரம் போலச் சட்டம் கட்டி, விரல் நீளத் துண்டுகளைத் தொங்கவிட்டு வளர்த்து, பிறகு பாறையில் ஒட்டும் முறை இந்தப் பவளத்துக்கு அருமையாக ஒத்துவருகிறது. நட்டவை வளர்ந்து ஆகஸ்ட் இரவுகளில் முட்டையிட்டதையும் பார்த்திருக்கிறார்கள். இதைவிட முக்கியம், இயற்கையில் செத்துப்போன மரபுவகைகள் சில இன்று நாற்றங்காலிலும் கரைத் தொட்டிகளிலும் மட்டும் உயிரோடு இருக்கின்றன. அதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நடுவது விட்டுப்போன இடைவெளியை நிரப்பும், மரபுச் சேமிப்பைக் காக்கும், வெவ்வேறு மரபுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கருவுற வழி செய்யும். நீரின் வெப்பத்தைக் குறைக்காது. இதைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லி நிதி திரட்டும் திட்டங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

மன்னார் வளைகுடாவிலும் இதே பாடத்தைத்தான் பார்க்கிறோம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அதற்குப் பின்னும் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக்கல் வெட்டுவது பல ஆண்டு நடந்தது. 2001இல் கல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தபின் படிப்படியாக நின்றது. வெட்டு நின்ற இடங்களில் கிளைப் பவளங்கள் தாமாகவே திரும்பி வந்தன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2002 முதல் உள்ளூர் அக்ரோபோராத் துண்டுகளைக் கட்டி நட்டு வருகிறார்கள், நன்றாகவே வளர்கின்றன. ஆனால் தென்மேற்குக் காற்று எழுமுன் ஏப்ரல், மே மாதங்களில் கடல் அசையாமல் காயும்போது, 2010இலும் 2016இலும் நடந்தது போல, முதலில் வெளுத்துச் சாவது அக்ரோபோராவும் மான்டிபோராவும் போசிலோபோராவும்தான். பக்கத்திலேயே பெரிய போரைட்டிஸ் உருண்டைகள் வெளிறி, பிறகு நிறம் திரும்பி நிற்கும். உயிரோடு இருக்கும் கிளைக்கும் செத்த கிளைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரையிலிருந்து காண முடியாது. செத்த கிளை பழுப்புப் பாசி பூசிக்கொண்டு ஒன்றிரண்டு ஆண்டு நின்றுவிட்டுத்தான் சரியும். மீன் குறைவது பெரும்பாலும் அந்தச் சரிவுக்குப் பிறகு. குருசடைத் தீவுப் பக்கம் இன்னொரு தொல்லை: வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைக்கஸ் கடற்பாசி கிளைகளின் மேல் பாய் விரித்தது போலப் படர்ந்து பவளத்தை மூடிக் கொன்றது.

வெப்பம் தாங்கும் பவளத்தை உருவாக்க முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு வழிகளில் வேலை நடக்கிறது. ஒன்று, பாசியை மாற்றுவது. ஆஸ்திரேலியாவில் அக்ரோபோரா மில்லிபோராவில், டுருஸ்டினியம் என்ற வெப்பம் தாங்கும் பாசி வகை குடியேறினால் ஒன்றிலிருந்து ஒன்றரை டிகிரி வரை கூடுதலாகத் தாங்குகிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாசியோடு வளரும் இளம் பவளத்தின் வளர்ச்சி இரண்டு மூன்று மடங்கு குறைந்தது. வேகமே பலமாக உள்ள ஒரு உயிருக்கு அது சின்ன விலை கிடையாது. இரண்டாவது, வெப்பமான இடத்துப் பவளத்தோடு கலப்பது. ஹோண்டுராஸ் நாட்டின் டேலா விரிகுடாவிலிருந்து கொண்டுவந்த பால்மேட்டாவையும் ஃபுளோரிடா பால்மேட்டாவையும் கலந்து பிறந்த குஞ்சுகளை 2025இல் மயாமி அருகே நட்டிருக்கிறார்கள். 2023 போன்ற ஒரு கோடையை அவை இன்னும் பார்க்கவில்லை, ஆகவே வெற்றி என்றோ தோல்வி என்றோ யாரும் இப்போது சொல்ல முடியாது. எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் அது நம்பிக்கைதான், ஆதாரம் ஆகாது.

இனிமேல் "இத்தனை ஆயிரம் பவளம் நட்டோம்" என்ற செய்தியைப் பார்த்தால், அதில் எத்தனை மரபுவகை, இரண்டு கோடை கழிந்தபின் எத்தனை உயிரோடு இருக்கின்றன, அவை முட்டையிட்டுக் குஞ்சு இறங்கியதா என்று தேடிப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் பதில் பெரும்பாலும் அறிக்கையின் உள்ளே இருக்கும். மூன்றாவதற்குப் பதில் "ஆம்" என்று இருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.